கிழங்கு கரைந்த சூப்

நீ கோயம்புத்தூருக்குக் குடிபோவதற்கு முந்தின நாள் சமையலறை வாசலில் வந்து நின்று, "சித்தி, அந்தச் சூப்பு எப்படி வைக்கிறதுன்னு சொல்லுங்க, போன்ல பதிவு பண்ணிக்கிறேன்" என்றாய். அன்றைக்கு நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். ஆட்டு நெஞ்செலும்பு வாங்கச் சொன்னேன். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, தட்டிய மிளகு, கொஞ்சம் சீரகம் போட்டுக் கறியைக் குக்கரில் நன்றாக வேகவிடச் சொன்னேன். ஆவி அடங்கியதும் திறந்து, உருளைக்கிழங்கைப் பெரிய துண்டுகளாக நறுக்கிப் போட்டு, மூடாமல் அரை மணி நேரம் கொதிக்கவிடு என்று சொன்னேன். அந்த அரை மணி நேரம் இந்த மலைக்குத்தான், கீழே அதில் பாதி போதும் என்பதை மட்டும் சொல்லவில்லை. பின்னால் போனில் அதைச் சொன்னபோதும் மறந்துவிட்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன். மறக்கவில்லை. தெரிந்தேதான் விட்டேன். ஏன் விட்டேன் என்பதை என்னால் வாயால் சொல்ல முடியாது. எனக்கு எழுதத்தான் வரும் என்பது உனக்குத் தெரியும்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, உனக்கு ஒன்பது. உன் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிளென்மார்கனைத் தாண்டி, தேயிலைச் சரிவில் தகரக் கூரை போட்ட இந்தக் குவார்ட்டர்ஸ் வாசலில் ஜீப் நின்றபோது ஒரே மூட்டம். உன் அப்பா என் பெட்டிகளில் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன, பாத்திரமா? இந்தக் கனம் கனக்குது" என்றார். புத்தகங்கள் என்றேன். ஃபேக்டரியில் கிளார்க்காக நாள் முழுதும் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிற மனிதர், "வீட்டுலயுமா?" என்று சிரித்தார். நீ கதவைப் பிடித்தபடி நின்றாய். கம்பளித் தொப்பிக்குக் கீழே கண்கள் மட்டும் தெரிந்தன. "உள்ள வாங்க" என்றாய். வகுப்புக்கு வந்த புது டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. உன் பேச்சிலிருந்து அந்த 'ங்க' இன்றுவரை போகவில்லை.

வந்த முதல் ஞாயிறு ஊட்டிச் சர்ச்சுக்குப் பூசைக்குப் போய்விட்டு மார்க்கெட்டில் நெஞ்செலும்பும் கிழங்கும் வாங்கி வந்தோம். குளிர் நான் நினைத்ததைவிட அதிகம். எல்லோருக்கும் சூடாக ஒரு சூப்பு வைத்துக் கொடுத்துவிட்டால் இந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் கிடைத்துவிடும் என்று நம்பினேன். ஈரோட்டுப் பக்கத்தில் எங்கள் வீட்டில் கறியை அலுமினியச் சட்டியில் போட்டு விறகடுப்பில் ஏற்றிவிட்டு என் அம்மா துணி துவைத்துவிட்டு வருவார், அதற்குள் கறி எலும்பை விட்டு இறங்கியிருக்கும். நானும் அப்படியே சட்டியில் கறியையும் கிழங்கையும் ஒன்றாகப் போட்டேன். தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் கொதித்தது! எங்கள் ஊரில்கூட அப்படித் தளதளவென்று உடனே கொதித்து நான் பார்த்ததில்லை. அடுப்பு என் பக்கம் என்று சந்தோஷப்பட்டு, சீக்கிரமே சட்டியை இறக்கிவிட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். உன் அப்பா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மென்றார். கிழங்கு பல்லில் கரகரவென்று கடிபட்டது. பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தவர் எங்கள் மூன்று பேரின் தாடையையும் பார்த்துவிட்டார். "ஏன் அம்மிணி, ஆடு இன்னும் மேஞ்சுட்டு இருக்குதா?" என்றார். உன் அப்பாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. நீ வந்து நின்றாய், ஒரு கன்னம் உப்பியிருந்தது. அந்தக் கறித்துண்டை விழுங்கவும் முடியாமல், துப்பினால் நான் பார்த்துவிடுவேன் என்று துப்பவும் முடியாமல் வைத்திருந்தாய். அதோடேயே பேசினாய்: "இங்க கொதிச்சாலும் வேகாதுங்க." எனக்குப் புரியவில்லை. நீ கையை மேலே நீட்டிப் பரணைக் காட்டினாய். அங்கே பழைய துண்டில் சுற்றிய குக்கர் ஒன்று இருந்தது. வந்த அன்றே அதைப் பார்த்திருந்தேன். உன் அம்மாவுடையது என்று தெரிந்ததால் தொடவில்லை. "அம்மா அதுலதான் வைப்பாங்க. எலும்பு மொதல்ல. கிழங்கு அப்புறமாத்தான் போடணும், அப்ப மூடி போடக் கூடாது, போட்டா கொழஞ்சிரும்" என்றாய். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எடுத்துக்கங்க" என்றாய்.

இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ கொடுத்தார்கள். உன் அப்பா மோதிரம் போட்டார், கோயிலில் சாமியார் ஆசீர்வாதம் கொடுத்தார். ஆனால் நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் நான் அந்தச் சமையலறையில் ஸ்டூல் போட்டு ஏறினேன். உயரமான இடத்தில் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் போதுமான சூடு ஏறுவதற்கு முன்பே கொதித்துவிடும் என்று பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். எனக்கு அது படித்துத் தெரிந்தது. உனக்குப் பசியில் தெரிந்திருந்தது. கொதிப்பது வேறு, வேவது வேறு. இதை மலையில் வாழ்கிறவர்கள் மட்டும்தான் தினமும் அடுப்பில் பார்க்கிறார்கள்.

பார்த்தும் நான் அடுப்புக்கு வெளியே அதைக் கற்றுக்கொள்ள நாளாயிற்று. உன்னை என் பக்கம் இழுக்க அவசரப்பட்டேன். உன் பிறந்தநாளுக்கு உன்னைக் கேட்காமலே வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் வரவழைத்தேன். நீ கேக்கை வெட்டிவிட்டு, எல்லோரும் போகும்வரை வாசலில் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தாய். நீ வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன். "ஆமாங்க", "இல்லீங்க", "தெரியலீங்க" என்பாய். ஒருநாள் உன் அப்பாவிடம், "உங்க பையனுக்கு என்னைப் பிடிக்கலை" என்று சொல்லி அழுதுவிட்டேன். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, "புடிக்கலைன்னா அவன் ரெண்டாவது கிண்ணம் கேக்க மாட்டான். நான் வெச்ச சோத்தை ரெண்டு வருசம் என்ன பாடுபடுத்துனான்னு உனக்குத் தெரியாது" என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டு கிண்ணத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

உனக்கு மீசை அரும்பிய வயதில் நம்மைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் குழம்பிப்போனார்கள். ஊட்டி பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர், "அக்காவும் தம்பியும் முன்னாடி போங்க, பின்னாடி ஆளு ஏறணும்" என்றது நினைவிருக்கிறதா? நீ அந்தக் கூட்டத்தில் திரும்பி, "அக்கா இல்லீங்க, சித்தி" என்றாய். அவர், "சரி, சித்தியும் முன்னாடி போங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ என்னைத் தள்ளி நிறுத்தினாயா, சேர்த்துக்கொண்டாயா என்று பைக்காரா வரும்வரை யோசித்தேன். இப்போது யோசித்தால், பதினைந்து வயதுப் பையன் அத்தனை பேருக்கு நடுவில் வாய் திறந்து ஒன்றைத் திருத்துகிறான் என்றால் அது அவனுக்கு முக்கியமாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் உனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்திருந்தாய். சோறு வேண்டாம் என்றாய், கஞ்சி வேண்டாம் என்றாய். சூப்பில் கிழங்கை மசித்து, சோலூரிலிருந்து வரும் கேரட்டைத் துருவிப் போட்டு, மிளகைத் தூக்கலாக வைத்துக் கொண்டுவந்தேன். ஒரு கிண்ணத்தைக் குடித்து முடித்துவிட்டுக் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் கொஞ்சம்" என்றாய். 'ங்க' இல்லாமல். காய்ச்சல் பேசியது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு உடம்பு சீக்கிரம் சரியாகிவிடக் கூடாதே என்று ஒரு கணம் நினைத்தேன்.

பிறகு நீ கல்லூரிக்குப் போனாய், வேலைக்குப் போனாய். உன் போன் எப்போதும் அப்பாவுக்குத்தான் வரும். என்னிடமும் போன் இருந்தது, அதில் உன் எண்ணும் இருந்தது. இந்த வீட்டில் சமையலறை ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். எனவே அப்பா என் பக்கத்தில் வந்து நின்றுதான் பேசுவார். மழை, சம்பளம், பஸ் எல்லாம் பேசி முடித்ததும் அவர் சொல்வார்: "ம், நல்லா இருக்கா. இங்கதான் நிக்கறா." அதிலிருந்து நீ என்ன கேட்டாய் என்று தெரிந்துகொள்வேன். சில நேரம் போனை என்னிடம் நீட்டுவார். "சாப்பிட்டியா?" என்பேன். "சாப்பிட்டேங்க. நீங்க?" என்பாய். அதற்கு மேல் இருவருக்கும் வராது. உன்னைக் குறை சொல்லவில்லை. நானும் ஒரு நாளும் உன்னைக் கூப்பிட்டதில்லை. நீயாகக் கூப்பிட வேண்டும் என்று இருந்தேன், அவ்வளவுதான்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். உனக்கும் ஜெனிக்கும் கல்யாணம் முடிந்ததும், உன் அம்மாவின் அந்தக் குக்கருக்குப் புது வாஷர் போட்டு, உனக்கே கொடுத்தேன். சூப்பு செய்முறையைச் சொன்னேன். இந்த மலையில் பிறந்தவன் கீழே போய் மலைக் கணக்கில் கிழங்கை வேகவைப்பான், கிழங்கு காணாமல் போகும், 'என்ன சித்தி இப்படி ஆயிருச்சு?' என்று என்னைக் கூப்பிடுவான். இதுதான் என் திட்டம். ஒன்பது வயதில் கொதித்தாலும் வேகாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு, அதைத் திருப்பிப் போட்டு யோசிக்க வராது என்று நிச்சயமாகத் தெரியும். மேலேயிருந்து இறங்குகிற எல்லோரும் செய்கிற தப்பு அது. ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் என் போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வெங்காயம் உரிப்பேன். அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அப்பாவுடையது அடித்தது. சூப்பைப் பற்றி நீ எதுவும் கேட்கவில்லை. நீ அதை வைப்பதே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு எப்படி இருந்தது என்று எழுதப்போவதில்லை.

அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக உங்கள் வீட்டில் வந்து தங்கினோமே, அந்த ஞாயிறன்று நீ, "இன்னிக்குச் சூப்பு நான் வைக்கிறேன்" என்று அடுப்படிக்குள் போனாய். ஜெனி என்னை உள்ளே விடவில்லை. "அத்தை, நீங்க உக்காருங்க. ஞாயித்துக்கிழமை அது இவரு ராஜ்ஜியம், எனக்கே அனுமதி கிடையாது" என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்று அவள் சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிற்று. எல்லா ஞாயிறுமா என்று கேட்டேன். "எல்லா ஞாயிறும்தான். எங்க அம்மா வீட்டுக்குப் போனாக்கூடக் குக்கரைத் தூக்கிட்டு வர்றாரு" என்றாள்.

கிண்ணம் வந்தது. கறி பூப்போல வெந்திருந்தது. கிழங்கு ஒன்றுகூட இல்லை, சூப்பு மட்டும் கெட்டியாக, வெள்ளையாக இருந்தது. அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டபடி கரண்டியால் துழாவினார். "ஏன்டா, கிழங்கு போட்டியா? இல்ல, எனக்குத்தான் கண்ணு இன்னும் தெரியலையா?" என்றார். "தெரியறவங்களுக்கும் தெரியாதுங்க மாமா" என்றாள் ஜெனி. நீ மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பி அதைச் சொன்னாள்: "எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அத்தை, ஒரு போன் போட்டு அவங்களையே கேளுங்கன்னு. கேக்க மாட்டேங்கிறாரு. 'சித்தி சொன்னது தப்பா இருக்காது, நான்தான் எங்கயோ விடறேன்'ங்கிறாரு. அரை மணி நேரத்துக்கு அலாரம் வேற வெச்சுக்கிறாரு." நீ, "சும்மா இரு ஜெனி" என்று காது சிவக்க எழுந்து உள்ளே போனாய்.

அந்தச் சமயத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது. ஆனால் கண்ணெதிரே கிழங்கு கரைவதைப் பார்த்தும், ஞாயிறு தவறாமல் பார்த்தும், என் வார்த்தையை நம்பித் தன் கையைச் சந்தேகப்பட்ட ஒருவனிடம், அந்த வார்த்தையை வேண்டுமென்றே குறையாகத்தான் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? நீ கூப்பிடாததை நான் தூரம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றேன். ஒப்புக்காகக் கேட்கவில்லை. கிழங்கு கரைந்த சூப்பு நன்றாகத்தான் இருந்தது, நாக்கில் கொஞ்சம் தித்திப்பு நின்றது.

கல்யாணமான பிள்ளைக்கு எழுதும்போது புத்தி சொல்லாமல் இருக்க முடியாது, ஆகவே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஜெனி சட்டென்று கொதிக்கிறவள். நீ சத்தமில்லாதவன். அவள் கொதிக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது என்று நீ அடுப்பை அணைத்துவிடாதே. நீ பேசாமல் இருந்தால் அடுப்பு எப்போதோ அணைந்துவிட்டது என்று அவள் நினைப்பாள், நான் நினைத்த மாதிரியே. அவளிடம் வாயைத் திறந்து சொல். தெரியாததைக் கேள். நம்பிக்கை இருப்பதால்தான் கேட்கவில்லை என்பது எதிரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? நீயும் நானும் பதினாறு வருடம் ஒரே சூப்பைக் குடித்துக்கொண்டு இதைச் சொல்லிக்கொள்ளவில்லை. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம்.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், ஜன்னல் ஓரத்தில் நின்று நானே உன் எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தாய். "அப்பாவுக்கு என்னாச்சு சித்தி?" என்று பதறினாய். என் எண்ணிலிருந்து உனக்குப் போன் வந்தால் அதற்கு வேறு அர்த்தம் இருக்க முடியாது என்றுதான் நீ இத்தனை நாள் இருந்திருக்கிறாய். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, கிழங்கைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் போதும், கீழே தண்ணீர் நல்ல சூட்டில் கொதிக்கும் என்றேன். "அப்ப என் கை நல்லாத்தான் இருக்குதுங்களா?" என்று கேட்டாய். நல்லாத்தான் இருக்கிறது, நான்தான் சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். அந்த 'மறந்துவிட்டேன்' பொய். அதற்குத்தான் இவ்வளவு எழுதினேன்.

போன ஞாயிறு ரோசம்மா அக்கா வீட்டில் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தாமதமாக வந்தேன். அப்பா வாசலிலேயே நின்று, "எங்க போயிட்ட? அவன் உன் போனுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு எனக்கு அடிக்கறான். சித்திக்கு என்னாச்சுன்னு என்னைத் திட்டறான்" என்றார். ஜன்னல் கட்டையில் கிடந்த என் போனில் நீ கூப்பிட்டு நான் எடுக்காத அழைப்புகள் வரிசையாக இருந்தன. அங்கேயே நின்று உன்னைக் கூப்பிட்டேன். கிழங்கைக் கால் மணியில் எடுத்தால் கேரட் நறுக்கென்று நிற்கிறது, அதை எப்போது போடுவது என்று கேட்டாய். கறியோடு குக்கரிலேயே போடச் சொன்னேன்.